நட்சத்திரத் துணைக்குழு

கோகிலவாணி கேட்டது ஒரு தொலைநோக்கியை, அதுவும் ஒரே ஒரு மாலைக்கு. அவளுக்குக் கிடைத்தது ஒரு துணைக்குழு.

ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும் தாராவித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் அவள் அறிவியல் ஆசிரியை. வானம் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாரீஸ்வரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இந்த சப்தரிஷி மண்டலத்த நீங்க பாத்திருக்கியளா?"

தாராவிச் சந்தில் தலையைத் தூக்கினால் தெரிவது தார்ப்பாய், மின்கம்பி, மாடிக்காரர்கள் காயப்போட்ட துணி. கோகிலவாணி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், யாரும் சோதிக்கப்போவதில்லை.

"இல்லட்டி" என்றாள்.

வகுப்பு சிரித்தது. மாரீஸ்வரி சிரிக்கவில்லை. "அப்பொ எங்க போனா பாக்கலாம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் கோகிலவாணியை மாட்டுங்காவுக்கு அனுப்பியது.

மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டு மெஸ்ஸின் மாடியில் மும்பைத் தமிழர் விண்ணறிவு சபை இயங்கிவந்தது. சபைக்குச் சொந்தமாக ஒரு தொலைநோக்கி இருந்தது. அது கண்ணாடி அலமாரியில், வெல்வெட் துணி போர்த்தி, பூட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று அதை வெளியே எடுப்பார்கள். பாகங்களைக் கழற்றி வாழையிலையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, சுண்டல் நைவேத்தியம் செய்து, மறுபடி பூட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். ஆயுத பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். சபை அந்த ஓய்வை ஆண்டு முழுவதற்கும் நீட்டித்திருந்தது.

தலைவர் சுப்ரமணியன் அணுசக்தி நகர்க் குடியிருப்பில் வாழ்ந்து, அணு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், "அதெல்லாம் வெளில சொல்லப்படாது" என்று குரலைத் தாழ்த்துவார். அதனால் அவரை விஞ்ஞானி என்று எல்லோரும் நம்பினார்கள். பேப்பரும் பென்சிலும் வழங்கும் பிரிவில் இருந்தார் என்பது செயலாளர் பாகீரதிக்குத் தெரியும். பாகீரதி வங்கியில் அதிகாரியாக இருந்தவர், ரகசியம் காக்கத் தெரிந்தவர். தொழில்நுட்ப ஆலோசகர் டாக்டர் ரஞ்சனா, பல் மருத்துவர். சபையில் டாக்டர் பட்டம் அவருக்கு மட்டுமே இருந்ததால் பொறுப்பு அவரிடம் சேர்ந்தது.

"டெலஸ்கோப்பை வெளில குடுக்க பைலாவில் இடமில்லை" என்றார் தலைவர். "ஆனா டீச்சர், ஏழைக் குழந்தைகள் வானத்தைப் பாக்கணும்னு நீங்கோ ஆசைப்படறேள். அந்த ஆசையை நாங்கள் எடுத்துக்கறோம். நட்சத்திர இரவுன்னு ஒரு ஃபங்ஷனாவே பண்ணிடலாம்."

"சார், ஃபங்ஷன் வேண்டாம். பிள்ளைகள ஒரு மைதானத்துக்குக் கூட்டிட்டு வாரேன். ஆளுக்கொரு தடவ பாத்துட்டுப் போயிருவோம்."

"அப்படியே பாத்துட்டுப் போனா, பாத்ததுக்கு ஆதாரம்?" என்றார் பாகீரதி.

அதற்காகவே ஒரு துணைக்குழு அமைத்தார்கள். கோகிலவாணியையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்தில் தேதி பேசினார்கள். தலைவர் பௌர்ணமியை முன்மொழிந்தார், வானம் பளிச்சென்று இருக்கும் என்றார். நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் மங்கிப்போகும் என்று கோகிலவாணி மெதுவாகச் சொன்னாள்.

"நிலாவும் வானத்துலதானேம்மா இருக்கு?" என்றார் தலைவர். "அதை ஒதுக்கறது சயன்டிஃபிக் இல்லை."

அவளுடைய மாற்றுக் கருத்து நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது.

அந்தக் கூட்டத்தின் முடிவில்தான் அவர் ஒன்றை அறிவித்தார். சபை உறுப்பினர்கள் சிலர் செம்பூரில் நடத்தும் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஓர் இடம் ஒதுக்கப்படும். பத்தாவது முடியும்வரை செலவு முழுதும் சபையுடையது. தொலைநோக்கியில் கண்டதை மேடையில் நின்று மிகச் சிறப்பாக எடுத்துச் சொல்லும் குழந்தைக்கு அது கிடைக்கும்.

அதுவரை எப்படி இந்தக் குழுவிலிருந்து நழுவலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாரீஸ்வரியின் அம்மா செண்பகவல்லி, கல்யாணப் பாவாடைகளில் மினுமினுக்கும் சம்கித் தகடுகளைத் தைப்பவள். ஏழாவது முடிந்ததும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருந்தாள்.

அன்று சாயங்காலமே கோகிலவாணி அவள் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறையில் சிவப்புத் துணி மலைபோல் கிடந்தது.

"படிக்க வேண்டாம்னு நான் சொல்லுதனா டீச்சர்?" என்றாள் செண்பகவல்லி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சேட்டு தைக்கதுக்குக் காம் தந்துட்டே இருக்கான். எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. இவ கண்ணு நல்லாருக்கு. வேற என்ன செய்ய?"

"ஒரு நாள் அவள அனுப்புங்க. சீட்டு கிடைச்சுட்டுன்னா?"

"வானத்தப் பாத்தா சீட்டு குடுப்பாவளா?" செண்பகவல்லி இப்போது நிமிர்ந்தாள். "என்ன டீச்சர், லாட்டரியா?"

"பாத்ததச் சொல்லணும். அவ்வளவுதான்."

"அது சொல்லுவா. வாய் இருக்கே" என்றாள் அம்மா. "ஏட்டி, கேட்டியா? போயி நல்லா பாத்துட்டு வந்து ஒழுங்காச் சொல்லு. இல்லன்னா அடுத்த மாசத்துலருந்து இந்தப் பாவாடையத்தான் பாக்கணும்."

மாரீஸ்வரி அம்மாவைப் பார்க்கவில்லை. "சப்தரிஷியும் தெரியுமா டீச்சர்?" என்றாள்.

துணைக்குழு தொடர்ந்து உழைத்தது. இருட்டில் குழந்தைகளை உட்கார வைப்பது பாதுகாப்பல்ல என்று பாகீரதி சொன்னதால், மைதானத்தைச் சுற்றி ஹாலோஜன் விளக்குகள் ஏற்பாடாயின. சிறப்பு விருந்தினர் தலையில் பனி விழக்கூடாது என்பதால் மைதானம் முழுவதற்கும் ஷாமியானா போட முடிவானது.

"சார், ஷாமியானா போட்டா வானம் எப்படி சார் தெரியும்?"

துணைக்குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. டாக்டர் ரஞ்சனாதான் தீர்வு சொன்னார். "ஒரு ஹோல் போட்டுடலாம். சொத்தைப் பல்லுலயே நான் எவ்வளவு சின்ன ஹோல் போடறேன்!"

ஷாமியானாக்காரர் தன் துணியில் ஓட்டை போடச் சம்மதிக்கவில்லை. இரண்டு துணிகள் சேரும் இடத்தில் கயிற்றைத் தளர்த்தி, ஒரு குழாயின் அளவுக்கு இடைவெளி விடுவதாக ஒப்புக்கொண்டார். அந்த இடைவெளி வானத்தின் எந்தப் பகுதியைப் பார்த்தபடி இருக்கும் என்று கோகிலவாணி கேட்டாள். மேலே என்றார் ஷாமியானாக்காரர்.

கலை நிகழ்ச்சியாகக் கோள்களின் நடனம் வைத்தார்கள். மாரீஸ்வரிக்கு அட்டை வளையத்தோடு சனி வேடம். ஒத்திகைக்கு வந்த தலைவர் முகம் வெளுத்தார்.

"சனியையா மேடையில் ஏத்தறேள்? சீஃப் கெஸ்டுக்கு ஏழரை நடக்கறதும்மா. அவர் எழுந்து போயிடுவார்."

"சார், அது ஒரு கிரகம்தான சார்..."

"கிரகம்னுதான் நானும் சொல்றேன்."

சூரியக் குடும்பத்திலிருந்து சனி நீக்கப்பட்டது. வளையத்தைக் கழற்றிவிட்டு மாரீஸ்வரியை இரண்டாவது வியாழனாக நிறுத்தினார்கள். ஒரு குருவுக்கு இரண்டு குரு நல்லதுதான் என்று பாகீரதி கருதினார்.

நட்சத்திர இரவு வந்தது. தாராவியிலிருந்து வந்த பேருந்து பிள்ளைகளைச் செம்பூர் மைதானத்தில் இறக்கியபோது அவர்கள் கண்களைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவ்வளவு வெளிச்சம். டிராம்பே பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீநாக்கு வானத்தைச் செம்மையாக்கியிருந்தது. முன்வரிசை நாற்காலிகள் சபையாருக்கு என்பதால் பிள்ளைகளைக் கம்பளத்தில் உட்கார வைத்தார்கள். வேலையை ஒருநாள் நிறுத்திவிட்டு வந்திருந்த செண்பகவல்லி, கம்பளத்துக்கும் வெளியே நின்றாள். தொலைநோக்கி மேடையின் பக்கத்தில், மாலை போட்டு, ஷாமியானாவின் இடைவெளியைப் பார்த்தபடி நின்றது.

தலைவர் பேசினார்.

"குழந்தைகளே! நட்சத்திரங்கள் நம்மைவிட்டு ரொம்ப தூரத்தில் இருக்கின்றன. அவற்றால் நமக்கு நேரடியாக ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். ஏன்? அவை மேலே இருக்கின்றன! இந்தச் சபையும் அப்படித்தான்." சபையார் கைதட்டினார்கள். "எத்தனையோ பேர் கேட்கிறார்கள், சார், இத்தனை வருஷமாக சபை என்ன கண்டுபிடித்தது என்று. நான் சொல்கிறேன். கண்டுபிடிப்பது சின்ன விஷயம். கட்டிக் காப்பது பெரிய விஷயம். இந்த டெலஸ்கோப்பில் ஒரு கீறல் உண்டா, வந்து பாருங்கள்!"

சிறப்பு விருந்தினர் அடுக்குமாடிகள் கட்டுபவர். மழைக்காலம் முடிந்ததும் தாராவி ஓரத்தில் புதிதாக ஒன்று கட்டப்போகிறார். அவர் மனம் திறந்து பேசினார்.

"பிள்ளைகளே, வானம் எல்லாருக்கும் பொதுன்னு சொல்வாங்க. அது பழைய காலம். இப்ப வானம் பார்க்கணும்னா மேல வரணும். என் பில்டிங் மொட்டை மாடிக்கு நீங்க எல்லாரும் வரணும்னு எனக்கு ஆசை. வாட்ச்மேன் விடமாட்டான். அவனைக் குத்தம் சொல்லாதீங்க, நான்தான் அப்படிச் சொல்லி வெச்சிருக்கேன். நல்லாப் படிங்க. படிச்சா நீங்களும் ஒரு நாள் வாட்ச்மேன் வெச்சுக்கலாம்."

பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள்.

பிறகு தொலைநோக்கி. முதலில் சிறப்பு விருந்தினர் குனிந்து பார்த்தார். "என்ன இது, செவப்பா இருக்கு?" என்றார்.

தலைவர் பார்த்தார். நிமிர்ந்து, "செவ்வாய்!" என்றார்.

அதன்பின் எல்லோரும் செவ்வாயைப் பார்த்தார்கள். ஆயுள் உறுப்பினர்கள், சாதாரண உறுப்பினர்கள், நன்கொடையாளர்கள், அவர்களுடைய பேரன் பேத்திகள் என்று வரிசை நகர்ந்தது. பாகீரதிக்கு அதன் பள்ளத்தாக்குகள் தெரிந்தன. டாக்டர் ரஞ்சனாவுக்குத் துருவத்தில் வெண்மையாகப் பனி தெரிந்தது, பல் எனாமலைப்போல என்று அவர் சொன்னார். தலைவர் இரண்டாம் முறை பார்த்தபோது கால்வாய்கள் தெரிந்தன. பிள்ளைகளின் முறை வந்தபோது சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததால், கண்டதைச் சொல்லத் தேர்வானவர்கள் மட்டும் பார்த்தால் போதும் என்று அறிவித்தார்கள்.

மாரீஸ்வரி வியாழன் வேடத்தோடு போய்க் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள். சம்கி தைப்பவளின் மகள், அருகில் வைத்துப் பார்க்கப் பழகிய கண். திரும்பி வந்து கோகிலவாணியின் காதருகே சொன்னாள்.

"டீச்சர், உள்ள நட்சத்திரம் கிட்சத்திரம் ஒண்ணும் இல்ல. கண்ணாடில என்னமோ செவப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு."

கோகிலவாணி போய்ப் பார்த்தாள். ஒரு சிவப்புக் கறை. அவளும் செவ்வாயைக் கண்டதில்லை. இத்தனை படித்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்று நினைத்தாள். கம்பளத்துக்கு வெளியே செண்பகவல்லி, ஆயிற்றா என்று கையால் கேட்டாள்.

"ஏட்டி, மேடையில போயி செவ்வாய்னு சொல்லிரு."

"பொய் சொல்லவா டீச்சர்?"

"நீ பாத்ததச் சொல்லு. பேரு மட்டும் அவிய வச்ச பேரு."

மாரீஸ்வரிக்கு அது நியாயமாகப் பட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் செவ்வாயைப் பார்த்தேன். அது குங்குமம் மாதிரி சிவப்பாக இருந்தது. நடுவில் கெட்டியாக இருந்தது. ஓரத்தில் காய்ந்து வெடித்திருந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் இருந்தது. அதிலும் நிறைய வெடிப்பு இருந்தது. ஓரிடத்தில் ஒரு விரல் பட்டு இழுத்த மாதிரி கோடு இருந்தது. செவ்வாய் அசையவே இல்லை."

மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. "என்ன அப்சர்வேஷன்!" என்றார் தலைவர். சிறப்பு விருந்தினர் கையால் அவளுக்கு அந்த இடம் வழங்கப்பட்டது. படம் எடுத்தார்கள். செண்பகவல்லி அழுதாள். திரும்பி வரும் பேருந்தில், "நாளைக்கே சேட்டுட்ட சொல்லிருவேன் டீச்சர், இவ வரமாட்டான்னு" என்றாள். சொல்லியும் விட்டாள்.

பள்ளி திறப்பதற்குச் சற்று முன்பு, அலமாரியில் எறும்பு ஏறுவதாக மெஸ்காரர் புகார் செய்தார். கழற்றாமல் விட்ட பூமாலையிலிருந்து ஏறிய எறும்பு தொலைநோக்கிக்குள்ளும் போயிருந்தது. டாக்டர் ரஞ்சனா தன் கிளினிக் கருவிகளோடு வந்து கண்வைக்கும் பகுதியைக் கழற்றினார். உள்பக்கக் கண்ணாடியில், சந்தனத்தின் நடுவே, ஆயுத பூஜையன்று வைத்த குங்குமப் பொட்டு காய்ந்து வெடித்துக் கிடந்தது. பூஜை செய்துவைத்த புரோகித வாத்தியாரின் விரல் இழுத்த கோடும் இருந்தது.

சபை அவசரமாகக் கூடியது. கோகிலவாணி, மாரீஸ்வரி, செண்பகவல்லி மூவரையும் வரவழைத்தார்கள். பூஜை செய்த வாத்தியாரைக் கேள்வி கேட்பது மரபல்ல என்பதால் அவரை அழைக்கவில்லை.

"விஷயம் சீரியஸ்" என்றார் தலைவர். "நமது டெலஸ்கோப்பில் அன்று ஒரு பொட்டு இருந்திருக்கிறது. கேள்வி என்னவென்றால், அதை யார் பார்த்தார்கள்?"

பாகீரதி அன்றைய பதிவுகளைப் படித்தார். தலைவர் கண்டது கால்வாய்கள். பொட்டில் கால்வாய் இல்லை. எனவே தலைவர் கண்டது பொட்டு அல்ல. பாகீரதி கண்டது பள்ளத்தாக்குகள், டாக்டர் கண்டது பனி. அவையும் பொட்டில் இல்லை. எனவே அவர்கள் கண்டது செவ்வாயாகத்தான் இருக்க வேண்டும். மாரீஸ்வரி சொன்ன கெட்டியான நடு, வெடித்த ஓரம், மஞ்சள் வளையம், விரல் கோடு நான்கும் பொட்டோடு அப்படியே பொருந்தின.

"ஆக, சபை முழுதும் செவ்வாயைப் பார்த்திருக்கிறது" என்றார் தலைவர். "இந்தக் குழந்தை மட்டும் பொட்டைப் பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு, செவ்வாய் என்று மேடையில் சொல்லியிருக்கிறது."

"சார்" என்றாள் கோகிலவாணி. எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்தது. "அவ எங்கிட்ட அப்பவே சொன்னா, கண்ணாடில என்னமோ ஒட்டியிருக்குன்னு. நான்தான் செவ்வாய்னு சொல்லச் சொன்னேன். தப்பு என்மேலதான் சார்."

"உங்க நேர்மையை சபை பாராட்டறது" என்றார் பாகீரதி, அதை எழுதிக்கொண்டே. "அப்போ குழந்தைக்கு முன்கூட்டியே தெரியும். தெரிஞ்சே சொல்லியிருக்கா. இதுவரைக்கும் அதுக்கு சாட்சி இல்லாம இருந்தது."

தான் எதைக் கொடுத்துவிட்டோம் என்பது கோகிலவாணிக்கு மெல்லத்தான் விளங்கியது.

"கண்ணாடில இருந்ததத்தான சொன்னேன்" என்றாள் மாரீஸ்வரி.

"அதுதாம்மா தப்பு" என்றார் தலைவர் கனிவாக.

செண்பகவல்லி கைகூப்பினாள். "ஐயா, சின்னப் பிள்ள. அவிய டீச்சர் சொன்னதத்தான் செஞ்சா. சேட்டுட்ட வேற வேண்டாம்னு சொல்லிட்டேன். சீட்ட மட்டும்..."

"அம்மா, எங்களுக்கும் வருத்தமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர் ரஞ்சனா. அவர் உண்மையிலேயே வருந்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடத்தை ரத்துசெய்யக் கைதூக்கி வாக்களித்தார்.

அறிவியலுக்காக இருக்கும் ஓர் அமைப்பு பொய்க்குப் பரிசளிக்க முடியாது என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த இடத்தை வேறு குழந்தைக்குத் தரலாமா என்று யாரோ கேட்டார்கள். உண்மைக்கு மரியாதையாக அது இவ்வாண்டு காலியாக இருக்கட்டும் என்றார் தலைவர். பள்ளியில் அந்தக் காலி இடத்து நாற்காலிக்கு ஒரு பித்தளைத் தகடும் பொருத்தப்பட்டது.

பொட்டை என்ன செய்வது என்பதையும் பேசினார்கள். பூஜையில் வைத்ததை அழிப்பது சரியல்ல என்று விட்டுவிட்டார்கள். அடுத்த நட்சத்திர இரவில் தொலைநோக்கியைப் பயன்படுத்துவதில்லை, வானத்தையும் நம்புவதில்லை என்று முடிவானது. மாட்டுங்காவில் ஒரு மண்டபத்துக்குள், கறுப்பு வெல்வெட்டில் நட்சத்திரங்கள் தைத்துத் தொங்கவிட்டு, குளிர்சாதன வசதியோடு நடத்தலாம்.

கோகிலவாணி கொஞ்ச காலம் செண்பகவல்லியின் சந்துப் பக்கம் போகவில்லை. வேறு வழியாகச் சுற்றிப் போனாள். ஒரு நாள் செண்பகவல்லியே வழியில் நிறுத்தி, "என்ன டீச்சர், நாங்க என்ன கடிச்சா திங்கப் போறோம், வாங்க" என்று கூட்டிப்போனாள்.

அறை முழுக்கக் கறுப்புத் துணி. மாரீஸ்வரி நடுவில் உட்கார்ந்து வெள்ளிச் சம்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி வேகமாகப் போய் வந்தது.

"வேற ஆள வச்சுட்டேன்னு சேட்டு ரொம்ப பிகு பண்ணுனான். கால்ல விழாத குறை" என்றாள் செண்பகவல்லி. "பொறவு இந்தப் பெரிய காம் வந்துது. மாட்டுங்கா ஆர்டராம்."

தரையில் மாதிரி வரைபடம் கிடந்தது. தலைவரின் கையெழுத்து கோகிலவாணிக்குத் தெரியும். நட்சத்திரங்கள் நேர்வரிசையில், சம இடைவெளியில் இருக்க வேண்டும் என்று குறித்திருந்தார்.

"இதுல சப்தரிஷி இல்ல டீச்சர்" என்றாள் மாரீஸ்வரி. "வரிசையா வச்சா எப்படி வரும்? ஆனா நடுவுல செவ்வாய் மட்டும் வேணுமாம்." ஒரு சிவப்புச் சம்கியை நகத்தில் ஏந்திக் காட்டினாள். "ஓரத்துல கொஞ்சம் மஞ்ச நூல் போட்டுரட்டா? அன்னைக்கு இருந்த மாதிரி?"

கோகிலவாணி அந்தச் சிவப்பைப் பார்த்தாள்.

"வேண்டாம்ட்டி" என்றாள். "நீ பாத்தன்னு கண்டுபிடிச்சிருவாவ."

மாரீஸ்வரி மஞ்சள் நூலைப் பெட்டிக்குள் போட்டாள். சிவப்பை மட்டும் வைத்துத் தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.